எங்கள் நேர அட்டவணையில் இல்லாத வீடு

(நூற்றாண்டு விழாவையொட்டி, உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவியருக்கும் பழைய மாணவியருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் ஒருத்தி நின்று வாசித்தாலும் இது நால்வர் சேர்ந்து எழுதிய உரை. 2014ஆம் ஆண்டு இந்தப் பாடசாலையில் இருந்து க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு வர்த்தகப் பிரிவில் தோற்றியவர்கள் நாங்கள். அப்போது ஐந்து பேராக இருந்தோம். ஐந்தாமவளைப் பற்றியும் இன்று பேசப்போகிறோம். அவளிடம் கேட்டு, அவள் சரி என்று சொன்ன பிறகுதான் பேசுகிறோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

எங்களுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, 'பல்கலைக்கழக முகாமைத்துவ பீடங்களுக்குத் தெரிவாவதற்கு எவ்வாறு திட்டமிட்டுப் படிப்பது' என்பது. நம் மலையகத்துப் பிள்ளைகளில் பலர் வர்த்தகப் பிரிவை எடுப்பதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். கணித, விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகள் நம் பக்கத்தில் குறைவு. ஆய்வுகூடம் இல்லாமலும் கணக்கீடு படிக்கலாம். கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்கு, வவுனியா என்று முகாமைத்துவமும் வணிகமும் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் பல இருக்கின்றன. அவற்றின் வாசலுக்கு ஒரே சாவி உயர்தரப் பரீட்சை. தனியாக நுழைவுப் பரீட்சை கிடையாது. கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் என்ற மூன்று பாடங்களில் வாங்கும் புள்ளிதான் தீர்ப்பு.

கனடாவிலும் லண்டனிலும் இருந்து வந்திருக்கும் அக்காமார் சிலர் எம்.பி.ஏ. படிப்புக்காக ஜிமெட் பரீட்சை எழுதியிருப்பீர்கள். இப்போதைய ஜிமெட்டில் மூன்று பகுதிகள், 64 கேள்விகள், 2 மணித்தியாலம் 15 நிமிடம். அது சரிவராவிட்டால் 16 நாள் கழித்து மறுபடியும் எழுதலாம். 12 மாதத்துக்குள் ஐந்து தடவை வரை எழுத இடமுண்டு. எங்கள் உயர்தரப் பரீட்சை வருடத்துக்கு ஒரு தடவைதான். பல்கலைக்கழக அனுமதிக்கு மொத்தமே மூன்று தடவை. இங்கே ஒரு திட்டம் பிழைத்தால் ஒரு வருடம் போய்விடும். லயத்தில் ஒரு குமர்ப்பிள்ளை ஒரு வருடம் வீட்டில் இருந்து படிக்கிறாள் என்றால், அந்த வருடத்தின் விலையை யாராவது ஒருவர் கட்டத்தான் வேண்டும். அந்த விலையை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கள்.

2014 டிசம்பர் கடைசியில் பெறுபேறு வந்தது. ஐந்து பேரும் மூன்று பாடத்திலும் சித்தி. ஐந்து பேருக்கும் வெட்டுப்புள்ளி எட்டவில்லை. அழுதோம். பிறகு, அடுத்த ஆகஸ்ட் பரீட்சைக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது, மறுபடியும் எழுதுவோம் என்று தீர்மானித்தோம். தைப்பொங்கலுக்கு முன்னமே நேர அட்டவணை போட்டாயிற்று. கொழும்பில் டியூஷன் போன ஓர் உறவுக்காரப் பிள்ளையின் அட்டவணையைப் பார்த்து எழுதியது அது. நாளுக்கு 6 மணித்தியாலம், வாரத்துக்கு 42. பின்னேரம் 5 மணியிலிருந்து இரவு 8 மணி வரை ஐவரும் ஒருத்தியின் வீட்டில் கூடிப் படிப்பது. அந்த வீட்டில் மேசை இருந்தது. அதனால் அந்த வீடு. விடியற்காலை 3 மணித்தியாலம் அவரவர் வீட்டில். பிரிஸ்டல் போர்டில் நான்கு நிறத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது.

முதல் கிழமை ஐவரும் வந்தோம். இரண்டாம் கிழமை ஐந்தாமவள் இரண்டு நாள் வந்தாள். மூன்றாம் கிழமைக்குப் பிறகு அவள் வரவில்லை. அவளுக்குப் படிப்பில் மனமில்லை என்று நாங்கள் பேசிக்கொண்டோம். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பெப்ரவரி முடியும் முன்னே அவள் கொழும்பில் ஒரு புடவைக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டோம்.

மிச்சம் நான்கு பேரும் ஒழுங்காகப் படித்தோமா என்றால் அதுவும் இல்லை. 42 மணித்தியாலம் என்று சுவர் சொல்லும். நாங்கள் முடிப்பது பாதியும் இருக்காது. முடிக்காததை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுவோம். ஞாயிறு வந்தால் விறகு, துணி துவைப்பு, கோயில், யாராவது வீட்டு விசேஷம், இல்லாவிட்டால் சாவு. தள்ளியது குவிந்துகொண்டே போனது. ஏப்ரல் ஆனபோது முதல் மாதத்துப் பாடங்களே முடியவில்லை. ஏழு மாதத்தில் மூன்று மாதம் அப்படிப் போயிற்று.

சித்திரைப் புத்தாண்டுக்கு அவள் வீட்டுக்கு வந்தாள். பார்க்கப் போனோம். ஏன்டி விட்டுட்டுப் போனாய் என்று ஒருத்தி கோபமாகவே கேட்டாள். அவள் கோபப்படவில்லை. அடுப்பில் ஊதிக்கொண்டே சொன்னாள்: "நீங்க போட்ட டைம்டேபிள்ல எங்க வீடு இல்லியேடி."

பிறகு மெல்லமெல்லச் சொன்னாள். அப்பா விழுந்து படுத்தது. அம்மா காலையில் பிரட்டுக்குப் போனால் பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வர ஐந்தரை ஆகும். தம்பிமார் இரண்டு பேர். பின்னேரம் 5 மணிக்கும் 8 மணிக்கும் இடையில்தான் அவள் வீட்டில் தண்ணீர் பிடிப்பது, சமைப்பது, அப்பாவைக் கழுவிவிடுவது எல்லாம். அவளுக்கு ஓய்வு கிடைத்தது காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், தம்பிமார் பள்ளிக்கூடம் போன பிறகு. அதில் நாங்கள் யாரும் அவளோடு இருந்து படிக்க நினைக்கவில்லை. நாங்கள் அந்த நேரத்தில் தூங்கி எழும்பி, சுவரில் இருக்கும் அட்டவணையைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

வந்து எங்களோடு எழுது என்றோம். படிவம் நிரப்பவில்லை என்றாள். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்கும் முடிவுத் திகதி அதற்குள் போய்விட்டிருந்தது. படிவத்தை அனுப்பியிருந்தால், படிக்க முடிந்ததோ இல்லையோ, ஆகஸ்ட் மாதம் அவளுக்கு ஒரு கதிரை மண்டபத்தில் இருந்திருக்கும். ஐந்து பேரில் நான்கு பேர் படிவம் அனுப்பிய நாளில் ஐந்தாமவளிடம் கேட்க ஒருத்திக்கும் தோன்றவில்லை.

அன்று இரவு பிரிஸ்டல் போர்டைக் கழற்றினோம். புதிதாகத் திட்டம் போட முதல், ஒரு கிழமை முழுவதும் எந்த நேரத்தில் உண்மையில் என்ன செய்கிறோம் என்று மட்டும் ஒரு கொப்பியில் எழுதினோம். எதையும் மாற்றாமல், வெட்கப்படாமல் எழுதினோம். கிழமை முடிவில் கூட்டிப் பார்த்தால், தொந்தரவில்லாமல் படிக்கக்கூடிய நேரம் ஒருத்திக்கு 27 மணித்தியாலம், அடுத்தவர்களுக்கு 24, 19, 13. நால்வருக்கும் ஒரே அட்டவணை போட்டது எவ்வளவு பெரிய பிழை என்று அப்போதுதான் விளங்கியது. 13 மணித்தியாலம் உள்ளவள் 42க்கு ஓடினால் நாள்தோறும் தோற்றுக்கொண்டே இருப்பாள். நாள்தோறும் தோற்கிறவளுக்குப் படிப்பு வராது.

தங்கைமாரே, நாங்கள் சொல்லும் முதல் வேலை இதுதான். இன்று வீட்டுக்குப் போய் அட்டவணை போடாதீர்கள். ஒரு கிழமை கணக்கெடுங்கள். கணக்கீடு படிக்கிற பிள்ளைகள் நீங்கள். கையில் இருக்கும் காசை எண்ணாமல் வரவு செலவுத் திட்டம் போடுவீர்களா?

பரீட்சைக்கு 15 கிழமை இருந்தது. அதை இப்படிப் பிரித்தோம். முதல் 8 கிழமை விடுபட்ட அலகுகளுக்கு. அடுத்த 5 கிழமை கடந்தகால வினாத்தாள்களுக்கு. கடைசி 2 கிழமையில் ஒன்றும் எழுதவில்லை, வெறுமையாக விட்டோம். நோய் வரும், மழை வரும், வீட்டில் ஏதாவது நடக்கும். நடந்தால் அந்த இரண்டு கிழமை ஈடுகட்டும். ஒன்றும் நடக்காவிட்டால் மீட்டிப் பார்க்க உதவும். 2024 நவம்பரில் தொடங்கிய உயர்தரப் பரீட்சை சீரற்ற காலநிலையால் நடுவில் சில நாள் நிறுத்தப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். பரீட்சையே அப்படி என்றால் படிப்புக்கு எத்தனை தடை வரும்? இடைவெளி இல்லாத திட்டம் முதல் காய்ச்சலோடு முடிந்துவிடும்.

எந்த நேரத்துக்கு எந்தப் பாடம் என்பதையும் வீட்டைப் பார்த்தே முடிவு செய்தோம். கணக்கீட்டுக்கு இடையூறில்லாத ஒன்றரை மணித்தியாலம் வேண்டும். ஒரு கூட்டுவியாபாரக் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு பீலிக்குப் போய் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. ஆகவே விடியற்காலை 4.30 முதல் 6 வரை கணக்கீடு. அந்த நேரத்தில் லயத்தில் பக்கத்துக் காம்பராவின் டீ.வி.யும் தூங்கும். பொருளியல் வரைபடங்களைச் சின்ன அட்டைகளில் வரைந்து வைத்தோம். இருபது நிமிடம் கிடைத்தாலும் இரண்டு பார்க்கலாம். வணிகக் கல்வியைத் தலவாக்கலை பஸ்ஸில் ஒருத்தியை ஒருத்தி கேள்வி கேட்டே படித்தோம். பக்கத்து ஆசனத்து ஐயா ஒருவர் ஒருநாள் எங்களுக்கு முன்னே பதில் சொன்னார்.

இசட் புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. 2001ஆம் ஆண்டிலிருந்து அனுமதி இந்தப் புள்ளியை வைத்துத்தான். பலர் இதைப் பூதம் மாதிரி நினைக்கிறார்கள். நீங்கள் வாங்கிய புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பது, அவ்வளவுதான். உதாரணமாக ஒரு பாடத்தின் சராசரி 40, நியம விலகல் 16 என்று வையுங்கள். நீங்கள் 56 எடுத்தால் உங்கள் இசட் புள்ளி 1. இன்னொரு பாடத்தின் சராசரி 50, விலகல் 12 என்றால் அதே 56க்கு 0.5தான். மூன்று பாடத்தின் இசட் புள்ளிகளையும் கூட்டி மூன்றால் வகுப்பார்கள். இரண்டு பாடத்தில் 1.5 எடுத்து மூன்றாவதில் 0.6 கீழே போனால் மொத்தம் 0.8க்கு இறங்கிவிடும். எங்களில் மூன்று பேர் முதல் தடவை விழுந்தது இந்தக் குழியில்தான். பிடித்த இரண்டு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தோம். பயந்த பாடத்தை மூடி வைத்தோம். 15 கிழமையில் கூடுதல் மணித்தியாலம் பயந்த பாடத்துக்கே போனது.

வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கலைப்பிரிவை விட்டால் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படி. 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் நுவரெலியாவும் ஒன்று. சிலர் இதைக் கேட்டு, நமக்கு இலகு என்று நினைக்கிறார்கள். மாவட்டத்துக்குள் நம்மோடு போட்டி போடுவது யார்? ஹட்டனிலும் நுவரெலியா நகரிலும் வசதியுள்ள பாடசாலைகளில் படிக்கும் பிள்ளைகள். அவர்களுக்கும் அதே வெட்டுப்புள்ளிதான்.

வினாத்தாள் செய்த 5 கிழமையில் கற்றதைச் சொல்கிறோம். சனிக்கிழமை தோறும் அதிபர் ஒரு வகுப்பறையைத் திறந்து தரச் சொன்னார். அலாரம் மணிக்கூட்டை மேசையில் வைத்து, முதலாம் பத்திரத்துக்கு 2 மணித்தியாலம், இரண்டாம் பத்திரத்துக்கு 3 மணித்தியாலம், பேச்சில்லாமல் எழுதுவோம். பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் புள்ளி வழங்கும் திட்டத்தை வைத்து ஒருத்தியின் விடையை மற்றவள் திருத்துவாள். பிழைகளை எழுதத் தனிக் கொப்பி. ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும்: தெரியாது, கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை, நேரம் போதவில்லை. மூன்றில் ஒன்று. இரண்டு கிழமை கழித்துக் கூட்டிப் பார்த்தோம். இழந்த புள்ளிகளில் பாதிக்கு மேல் 'தெரியாது' என்பதால் அல்ல. தெரிந்ததைத்தான் வாசிக்காமலும் நேரமில்லாமலும் இழந்திருந்தோம். இன்னும் நான்கு புத்தகம் படித்திருந்தாலும் அது திரும்பியிருக்காது. நேரம் வைத்து எழுதினால் மட்டுமே திரும்பும்.

கடைசியாக, வீட்டில் சொல்லுங்கள். எங்கள் அம்மாமாரில் இரண்டு பேருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் செக்ரோலில் தன் பேர் ஒரு நாள் விடுபட்டால் கண்டுபிடிப்பார்கள். சம்பளத் துண்டில் சேமலாப நிதிக்கு எவ்வளவு வெட்டினார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். அவர்களுக்குக் கணக்கு விளங்கும். எத்தனை கிழமை இருக்கிறது, எந்த நேரம் எங்களுக்கு வேண்டும் என்று அட்டவணையைக் காட்டி விளக்கியபோது ஓர் அம்மா, காலையில் பீலிக்குப் போகும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். கேட்காமல் இருந்த நாங்கள்தான், அவர்களுக்கு விளங்காது என்று நினைத்திருந்தோம்.

சரி, பெறுபேறு என்ன? நால்வரில் இருவர் முகாமைத்துவத்துக்குத் தெரிவானோம்; ஒருத்தி யாழ்ப்பாணம், ஒருத்தி கிழக்குப் பல்கலைக்கழகம். அந்த இருவரில் ஒருத்தி, வாரத்துக்கு 13 மணித்தியாலம் மட்டும் இருந்தவள். மூன்றாமவள் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்குப் போய் இன்று ஆசிரியை. நான்காமவளுக்கு வெட்டுப்புள்ளி மயிரிழையில் தவறியது. கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா முடித்து இன்று கணக்கு எழுதுகிறாள். திட்டம் போட்டால் எல்லோரும் பல்கலைக்கழகம் போகலாம் என்று நாங்கள் பொய் சொல்ல மாட்டோம். ஆனால் நால்வருக்கும் 'இன்னும் கொஞ்சம் ஒழுங்காகச் செய்திருக்கலாமே' என்ற உறுத்தல் இல்லை. அந்த உறுத்தல் ஐந்தாமவளை நினைக்கும்போது மட்டும் இருக்கிறது.

அவள் இன்று புடவைக் கடையில் இல்லை. திருமணமாகி, ஊரோடு வந்து, வீட்டிலேயே தையல் செய்கிறாள். வாங்கிய துணி, கொடுத்த கடன், வந்த காசு எல்லாம் இரட்டைப் பதிவில் எழுதி வைத்திருக்கிறாள். போன மாதம் பார்த்தோம். ஐந்தொகை சமப்பட்டிருந்தது. எங்களில் ஒருத்திக்கு அந்த இடத்தில் நின்று பேச முடியாமல் போய்விட்டது.

அக்காமாரே, இனி உங்களுக்கு. நம் சங்கம் புலமைப்பரிசில் கொடுக்கிறது, புத்தகம் கொடுக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் உங்கள் கையால்தான் அது நடக்கிறது. நன்றி மறக்க மாட்டோம். ஆனால் 2015இல் அவளுக்குக் குறைந்தது காசு மட்டும் அல்ல. காலை 8 மணிக்கு அவளோடு உட்கார ஒரு ஆள் இல்லை. படிவம் அனுப்பினாயா என்று கேட்க ஒரு ஆள் இல்லை. ஆகவே நாங்கள் மூன்று காரியம் கேட்கிறோம்.

ஒன்று: ஐந்து மாணவிக்கு ஒரு பழைய மாணவி. அவருடைய முதல் வேலை பாடம் சொல்லிக்கொடுப்பது அல்ல. விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இரண்டு கிழமைக்கு முன் ஐந்து படிவமும் போயிற்றா என்று ஐந்து பேரிடமும் கேட்பது. பாடசாலையை விட்டு விலகிய பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டும்.

இரண்டு: எங்கே இருந்தாலும் வாரத்துக்கு ஒரு விடைத்தாள் திருத்துங்கள். பிள்ளை படம் பிடித்து அனுப்புவாள். டொரொன்டோவில் இரவாக இருந்தால் இங்கே விடிகிறது. அது இடைஞ்சல் அல்ல, வசதிதான். அடுப்பை அணைத்துவிட்டு இரவு 10 மணிக்கு எழுதும் பிள்ளைக்கு விடியும்போது திருத்திய விடை கையில் இருக்கும்.

மூன்று: டன்சினன், சீன் என்று தோட்டங்களில் இருக்கும் அக்காமார், ஒரு மேசையும் ஒரு மின்குமிழும் உள்ள வீட்டை வாரத்தில் சில மணித்தியாலம் திறந்து கொடுங்கள். எந்த மணித்தியாலம் என்பதைப் பிள்ளைகளிடம் கேட்டுத் தீர்மானியுங்கள். நாங்கள் செய்தது போல் மேசை இருக்கும் வீட்டுக்கு வசதியான நேரத்தைத் தீர்மானித்துவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடாதீர்கள்.

மண்டப வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் தர முடியும் என்று எழுதுங்கள். பெரிய எண்ணாக இருக்க வேண்டும் என்று இல்லை. உண்மையான எண்ணாக இருந்தால் போதும். ஒன்று என்றால் ஒன்று. இந்த மலரைத் தூரத்தில் இருந்து வாசிப்பவர்கள் சங்கச் செயலாளருக்கு எழுதினால் அந்தக் கொப்பியில் நாங்கள் சேர்த்துக்கொள்வோம்.

கொப்பியின் முதல் வரியில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. காலை 8 முதல் 10 வரை, வாரத்தில் மூன்று நாள், கணக்கீடு. எழுதியவள் எங்கள் ஐந்தாமவள்.